தப்புக் காணிக்கை

எங்கள் வீட்டில் தப்புக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. புலியின் மேல் உட்கார்ந்திருக்கும் மாதேஸ்வரன் படத்துக்குக் கீழே, சாமிப் பலகையின் வலது ஓரத்தில், ஒரு சின்னப் பித்தளைத் தட்டு. சாமிக்கு ஆகாத காரியத்தை யாராவது செய்துவிட்டால், ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து அந்தத் தட்டில் வைத்துவிட வேண்டும். மறுமுறை மாதேஸ்வரன் மலைக்குப் போகும்போது முடிப்புகளையெல்லாம் எடுத்துப் போய் உண்டியலில் போட்டுவிடுவோம். தப்புக் காணிக்கை என்று அதற்குப் பெயர். எதிர்வீட்டுக் கன்னடக்காரர்களும் அதை அப்படியேதான் சொல்வார்கள், கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் இழுத்து.

அந்தத் தட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. முடிப்பு யாருடையது, எதற்காக வைத்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது அவரவருக்கும் சாமிக்கும் உள்ள விஷயம். மலையில் பூசாரியே கேட்பதில்லை, நாம் யார் கேட்க என்பார் அப்பா. அப்பா நிறைய சட்டங்கள் போடுகிற மனிதர்தான், ஆனால் அவர் போட்ட சட்டங்களில் அவரே மதித்த சட்டம் அநேகமாக இது ஒன்றுதான்.

அப்போது நாங்கள் மைசூரில் மண்டி மொஹல்லாவுக்குள் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். எங்களுக்கு ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் இடுக்கும். அப்பா மலையடிவாரத்து மார்டள்ளியிலிருந்து கரண்டியும் தூக்குக்குண்டுமாக வந்து கொத்து வேலை செய்தவர். அம்மா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை.

நான் தமிழ் எழுதக் கற்றது அத்தையிடம்தான். என் பள்ளிக்கூடம் கன்னடப் பள்ளிக்கூடம். நாலு வார்த்தை தமிழ் பேசினால் மூன்று வார்த்தை கன்னடமாக வந்து விழும் எனக்கு. "உன்ற பாட்டன் வந்தா நீ பேசறதுக்கு ஆள் வெச்சுத்தான் அர்த்தம் கேக்கோணும்" என்று அத்தை கேலி செய்வாள். சட்டைக்குள் மடித்து வைக்கிற வெள்ளை அட்டைகளில் மூலை மடங்கியவை தொழிற்சாலையில் வீணாகப் போகும். அவற்றை அத்தை கேட்டு வாங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றில்தான் எனக்கு அ, ஆ எழுதிக் காட்டுவாள். ஒட்டுமொத்தமாக எண்பது தொண்ணூறு அட்டை தேறியிருக்கும். அந்த வருஷம் அவளை லைனுக்கு சூப்பர்வைசராகப் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. வீட்டில் அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. என்னிடம் மட்டும், அடுத்த மாதத்திலிருந்து தன் கழுத்தில் அட்டை தொங்கும் என்று சொன்னாள். நான் அதுவும் எழுதிப் பழகுகிற அட்டை என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். ஊருக்கு வெளியே புதிதாக எழுந்துகொண்டிருந்த மாடி வீடு ஒன்றில் பூசிக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் பலகை நழுவிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கே அம்மா மாதேஸ்வரன் படத்துக்கு முன் நின்று வேண்டிக்கொண்டாள். இந்த மனுசன் எழுந்து நடந்து, குடும்பத்தோடு மலை ஏறுகிறவரை இந்த வீட்டுக்குள் கவுச்சி நுழையாது, வீட்டு ஆட்கள் வாயிலும் படாது. முட்டையும் கவுச்சிதான் என்று என்னைப் பார்த்துத் தனியாக ஒரு தடவை சொன்னாள். என்னை அவளுக்குத் தெரியும்.

அப்பாவின் கட்டிலைச் சாமிப் பலகைக்கு நேர் எதிரே போட்டோம். அந்த அறையில் கட்டில் போட வேறு இடம் கிடையாது. சாமி அவரையும் அவர் சாமியையும் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கக் கிடந்தார்கள். காலையில் நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், அத்தை வேலைக்கு. அம்மா உருட்டிய பத்திக் கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பத்திக்கு மாவு வாங்கி வரப் போனால் திரும்ப ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். அப்பா தனியாக இருப்பார். முற்றத்தின் கோடியில் ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கக்கூஸ். அவருக்கோ கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் சட்டி. அதை அம்மா தினமும் எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போகும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் கன்னட மிஸ் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வகுப்பில் பலருக்கு வீட்டுப் பேச்சு வேறு. தமிழ், தெலுங்கு, உருது, துளு என்று ஆளுக்கொன்று. வீட்டுப் பேச்சிலும் கன்னடத்திலும் இருக்கிற ஒரு சொல்லை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு, அதன் அர்த்தம் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் விசாரித்து எழுத வேண்டும். மற்றவர்கள் மரம், கல், ஊர் என்று சுலபமானவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் 'தப்பு' தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு தட்டே இருந்ததல்லவா?

முதலில் அம்மாவிடம் கேட்டேன். "பத்தி உருட்டற நேரத்துல வந்து கேக்கறயே, இதான் தப்பு" என்றாள். அதை எழுத முடியாது. அப்பா கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "செவுரு கட்டறப்ப தூக்குத் தப்பிப்போச்சுன்னு சொல்லுவோம் கண்ணு. கீழ் வரிசையில ஒரு நூல் அளவு தப்பியிருக்கும். அப்பக் கண்ணுக்குத் தெரியாது. மேல போகப் போகத்தான் சாயும்." அத்தைக்குத் தையல்தான் உலகம். ஊசி நூலைப் பிடிக்காமல் போய்விட்டால் தையல் தப்பிவிட்டது என்பார்களாம். பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினால் தீர்ந்தது, அதற்காக யாரும் உட்கார்ந்து அழமாட்டார்கள் என்றாள். இரண்டையும் எழுதிக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. "நம்மூர்ல இருந்துதான் வந்திருக்கும், வேற எங்கிருந்து?" என்றார் அப்பா.

அந்த வாரமே நான் முட்டை தின்றேன். கூடப் படிக்கிற பெண்ணுக்குப் பிறந்தநாள். பள்ளிக்கூட வாசலில் இருந்த பேக்கரியில் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். முட்டையை எடுத்துப் போட்டுவிட்டு மொறுமொறுப்பான மேல் மடிப்பை மட்டும் தின்னலாம் என்று நினைத்துத்தான் கையில் வாங்கினேன். ஆனால் முதலில் தின்றது முட்டையைத்தான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது. வீடு வரும் வழியில் குழாயடியில் நாலு தடவை வாய் கொப்புளித்தேன். வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காததால் அது நடக்கவில்லை என்றே ஆகிவிட்டது.

ஆறு வாரம் முடிந்ததும் ஆட்டோவில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அன்று பள்ளி விடுமுறை. எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொள்கிற வேலை எனக்கு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு விலகிப்போய்க் கோணலாகக் கூடியிருக்கிறது, திறந்து தகடு வைக்க வேண்டும் என்றார். பிறகு அப்பாவிடம், காலை ஊன்றினீர்களா என்று கேட்டார். இல்லீங்க சார், படுத்த படுக்கைதான் என்றார் அப்பா. அம்மாவும், ஒரு நாள் கூட இறங்கலீங்க சார் என்று கைகூப்பிச் சொன்னாள். அப்படியானால் ஏன் விலகியதென்று தெரியவில்லையே என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குத் தெரியாத காரணம் எக்ஸ்ரே உறையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தது. அப்பாவின் எலும்பை நான் தின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏதோ தப்பு நடந்திருக்குது. தப்பு நடக்காம இப்படி ஆகாது. சமையலிடுக்கில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துத் தேய்த்துக் கவிழ்த்தாள். அடுத்த குடித்தனத்துக் குழம்பு வாசனைகூட இந்தப் பக்கம் வரக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினாள்.

அம்மாவின் மஞ்சள் துணியை எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அத்தை கொண்டுவரும் வெட்டுத் துணிகளில் ஒரு வெள்ளைக் காலர்த் துண்டை எடுத்து, மஞ்சள் தூளைக் கரைத்து முக்கி, முற்றத்துக் கொடியில் சட்டைகளுக்குப் பின்னால் காயப்போட்டேன். பென்சில் வாங்கக் கொடுத்த ஒரு ரூபாய் இருந்தது. முடிந்து, அப்பா கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, முக்காலியில் ஏறித் தட்டில் வைத்தேன். தட்டில் ஏற்கெனவே இரண்டு முடிப்புகள் இருந்தன. ஒன்று, திங்கட்கிழமை விளக்கேற்ற மறந்ததற்காக அம்மா வைத்ததாக இருக்கும். இன்னொன்றைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னுடையது மூன்றாவது. வைத்துவிட்டு இறங்கியதும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனிச் சாமி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நாள் முழுக்க அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர் அப்பா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நாலு பேரும் வீட்டில்தான் இருந்தோம். நான் கட்டில் காலில் சாய்ந்துகொண்டு என் சொல்லைப் பற்றி நல்ல தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

"அந்த மூணாவது ஆருது?"

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அம்மாவின் கை பத்திப் பலகையிலேயே நின்றுவிட்டது. "ஏனுங்க, அதைக் கேக்கப் படாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?" என்றாள் மெதுவாக. ஆனால் அவளும் தட்டைத்தான் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, ஆரம்பத்திலிருந்தே அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை சீப்பை வைத்துவிட்டு எழுந்தாள். தட்டிலிருந்து அந்த முடிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துணியின் ஓரத்தை விரலால் தடவினாள். நான் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பென்சில் தாளில் ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழுந்தது.

"என்னுதுதான்" என்றாள்.

"என்ன தப்புப் பண்ணினே?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்கண்ணா."

அவள் எதிர்த்துப் பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பாவின் முகம் மட்டும் கறுத்தது. வேறு ஒரு விஷயத்தை எடுத்தார். கூட வேலை செய்கிற எவனோ ஒருத்தன் வண்டியில் வந்து சந்து முனையில் இறங்கினாயாமே என்றார். "மழைங்கண்ணா. ரெண்டே நாளு" என்றாள் அத்தை. அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை. படுத்த படுக்கையிலிருந்து ஒரு மனிதர் அவ்வளவு சத்தம் போட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இந்த வீட்டு விரதத்தைக் கெடுத்தவள் இந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகத் தேவையில்லை என்று முடித்தார். முற்றத்தில் மற்றக் குடித்தனக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். அம்மா கதவைச் சாத்தினாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை. அதன் பிறகு எத்தனையோ வருஷம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், குளிக்கும்போது, பஸ்ஸில், தேர்வுத் தாள் திருத்தும்போது. என்னுது, அப்பா. அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அப்பாவின் கால் என்னால்தான் போயிற்று என்று ஆகிவிடும். கோணலாகக் கூடிய அந்த எலும்போடு நான் அதே அறையில் இருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். குழந்தைகளுக்கு நாளைக்கு என்பது எப்போதும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மிஸ் எங்கள் சொற்களை எடுத்துப் பேசினார். என் முறை வந்தபோது மகிழ்ந்துபோனார். கொத்தனார் ஓர் அர்த்தமும் தையல்காரி ஓர் அர்த்தமும் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினார். இந்தச் சொல்லைக் கன்னடம் தமிழிடமிருந்தும் வாங்கவில்லை, தமிழ் கன்னடத்திடமிருந்தும் வாங்கவில்லை, தெலுங்கிலும் இது உண்டு, மூன்றும் பிரிவதற்கு முன்பே இருந்த சொல் என்றார். ஆதியில் அதற்குக் கெட்டது என்று பொருளே கிடையாதாம். கால் வைக்க வேண்டிய இடத்தில் விழாமல் பக்கத்தில் விழுவது, எறிந்த கல் குறியில் படாமல் போவது, இவ்வளவுதான். பாவம், பழி என்பதெல்லாம் மனிதர்கள் பிற்பாடு அதன்மேல் ஏற்றிவைத்த சுமை. எனக்குக் கேட்கக் கேட்க ஆறுதலாக இருந்தது. நானும் கால் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதானே.

கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டேன். தப்பினது ஒருத்தர், நான்தான் தப்பினேன் என்று சொல்கிறது இன்னொருத்தர் என்றால், அந்தத் தப்பு யாருடையது? மிஸ் சிரித்துவிட்டு, புரியவில்லையே, ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல் பார்க்கலாம் என்றார். என்னிடம் வாக்கியம் இருந்தது. சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார்.

அத்தையை மலைப் பக்கத்து ராமாபுரத்துக்கு அனுப்புவது என்று அந்த வாரத்திலேயே முடிவாயிற்று. அங்கே அப்பாவின் பெரியம்மா குடும்பம் இருந்தது. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார்கள். தொழிற்சாலையிலிருந்து கூட வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் வந்து சந்தில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருத்தி, உன் இடத்தில் வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை தலையை மட்டும் ஆட்டினாள்.

புறப்படுகிற அன்று காலையில் அவள் என் பையில் மீதியிருந்த வெள்ளை அட்டைகளை வைத்தாள். "எழுதறத உட்ராத அம்மணி. எனக்கு லெட்டர் போடோணும், தமிழ்லயே போடோணும்" என்றாள். அம்மாவிடம் விடைபெற்றாள். பிறகு அப்பாவின் கட்டிலருகே போய்க் குனிந்து, கட்டுப் போட்ட காலின்மேல் கையை வைத்துக் கும்பிட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று நான் நினைத்தேன். அத்தை நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் சந்து முனை வரை கூடப் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் ராமாபுரத்திலேயே மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள். தானியக் கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். அப்பாவுக்குக் காலில் தகடு வைத்தார்கள்; அவர் மெல்ல நடந்து, கல்யாணத்துக்குக் கோலூன்றிக்கொண்டு வந்தார். ஊரார் அண்ணனின் பாசத்தைப் புகழ்ந்தார்கள். கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது. சாரம் ஏற முடியாமல், கடைசி வரை அவர் கீழே நின்று ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரியாகத்தான் இருந்தார்.

அத்தைக்கு நான் கடிதம் போட்டேன். முதலில் அட்டைகளில், பிறகு தாளில், பிறகு போனில். எல்லாம் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை. படித்து முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கன்னட ஆசிரியை ஆனேன். தமிழ்ப் பெண் கன்னடம் கற்றுக்கொடுக்கிறாள் என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். அப்பா போய் இப்போது மூன்று வருஷமாகிறது.

போன வருஷம் அத்தையின் மூத்த மகனுக்கு நிச்சயதார்த்தம். ராமாபுரம் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு மத்தியானம் அவளும் நானும் மட்டும் வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அவளுக்கு முடி பாதி நரைத்திருந்தது. எதனாலோ அன்று வாய் திறந்துவிட்டது. அந்த மூணாவது முடிப்பு என்னுது அத்தை என்றேன். முட்டை பப்ஸையும் சொன்னேன். என்னால்தானே உன் வேலை போயிற்று, ஊர் போயிற்று என்றேன். எனக்கு நாற்பதை நெருங்குகிற வயது. அப்படி அழுதேன்.

அத்தை தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதா? என்ற காலர்த் துணியில மஞ்சளை முக்கி, செருப்புக் கயிறு கட்டற மாதிரி முடிஞ்சு வெச்சிருந்தே. உன்னுதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றாள்.

"அப்ப ஏன் அத்தை?"

"உனக்குப் பத்து வயசு. உங்கொப்பன் கால் உன்னாலதான் கோணிப்போச்சுன்னு உங்கம்மா நெனச்சுட்டா, நீ என்னத்துக்கு ஆவே?" பிறகு இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு சொன்னாள். "உன்ற முட்டையால ஒண்ணும் ஆகலே கண்ணு. அண்ணன் போயாச்சு, இனிச் சொன்னா ஒண்ணுமில்லே. ஒரு நாள் கரண்டு இல்லீன்னு எங்களை மத்தியானத்துலயே உட்டுட்டாங்க. நான் வர்றேன், அண்ணன் செவுத்தைப் புடிச்சுட்டு, ரெண்டு காலையும் ஊனி, முத்தத்துல இருந்து உள்ள வந்துட்டிருந்தாரு. கக்கூஸுக்குப் போயிட்டு வர்றாரு. என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. அன்னைக்கு மட்டும் இல்லே, முத்தத்துல ஆளில்லாத நேரமாப் பாத்து தெனமும் போயிட்டிருந்திருக்காரு. அந்தச் சட்டியை உங்கம்மா எடுக்கறது அவருக்குப் பொறுக்கலே."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"டாக்டரு கேட்டப்ப இல்லேன்னு சொல்லிட்டாரு. அப்பறம் வீட்டுல என்னைப் பாக்கறப்பெல்லாம், இவ எப்பச் சொல்லப்போறாளோன்னு அவருக்கு. நான் சொல்லுவனா? சொல்ல மாட்டேன். அது அவருக்குத் தெரியலே பாவம். நான் கண்ணு முன்னால இருந்தா அவருக்கு மூச்சு விட முடியலே. என்னை அனுப்பறதுக்கு அந்த முடிப்பு இல்லாட்டி வேற ஏதாவது கெடச்சிருக்கும்."

நீ ஏன் அவர் முகத்துக்கு நேரே கேட்கவில்லை என்றேன். படுத்துக் கிடக்கிற மனிதரிடம் என்னத்தைக் கேட்பது என்றாள். அதற்குப் பிறகும் கேட்கவில்லையா? "கேட்டா குடுப்பாரா அந்த வேலையை?" என்று சொல்லிவிட்டு, அடுக்கிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் குரலில் கொஞ்சம் கசப்பைக் கேட்டேன். அத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில், என் மேலிருந்து ஒரு சுமை இறங்கியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. நான் அன்று வாய் திறந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று தெரிந்துகொள்வது ஆறுதலாக இல்லை. திறக்கவில்லை என்பது அப்படியே இருந்தது. அப்பாவின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது, கொள்ளேகால் வருவதற்குள் அதுவும் ஒரு மாதிரி ஆறிப்போயிற்று. அதன் பிறகு எனக்கு மலைக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது.

அத்தையின் கல்யாணம் முடிந்த அடுத்த அமாவாசைக்கு நாங்கள் மூன்று பேரும் மலைக்குப் போனோம், அம்மாவின் வேண்டுதலைத் தீர்க்க. கூட்டமான கூட்டம். அப்பா ஒரு கையில் கோலும் இன்னொரு கை என் தோளிலுமாக வந்தார். உண்டியல் அருகில் போனதும் அம்மா மடியிலிருந்து மூன்று முடிப்புகளையும் எடுத்து அவரிடம் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் போட்டார். என்னுடைய காலர்த் துணி உள்ளே விழுவதை நான் பார்த்தேன். தீர்ந்தது என்று மூச்சு விட்டேன்.

அப்பா நகரவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு நாலாவதாக ஒரு முடிப்பை எடுத்தார். அது எங்கள் தட்டில் இருந்ததல்ல, அதை நான் பார்த்ததே இல்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னாலிருந்தவர்கள் முன்னே போகச் சொல்லி நெருக்கினார்கள். அதைப் போட்டபோது அவர் தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, சாரத்திலிருந்து விழுந்தபோதுகூட அவர் அழவில்லை என்பார்கள். பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் நடந்து வந்தாரல்லவா, கால் வலிக்குதாட்டம் இருக்குது என்றாள் அம்மா.

நானும் கால் வலிதான் என்று நினைத்தேன். அவர் நன்றாகச் சாய்ந்துகொள்ளட்டும் என்று தோளை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.